பன்னிரண்டு வாய், ஒரு காது

பள்ளியில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. வீட்டில் எல்லோரும் "வாலு" என்றுதான் கூப்பிட்டார்கள். பத்து வயதுக்குள் அந்தப் பட்டத்தை அவளே பாடுபட்டு வாங்கியிருந்தாள்.

அம்மாவின் நாற்றுக் கூடத்தில் பன்னிரண்டு தட்டுகள். ஒவ்வொன்றின் மண்ணிலும் விரல் நீளத்தில் ஒரு சென்சார். கம்பியே இல்லாமல் அது சுவர்ப் பெட்டிக்குச் சேதி சொல்லும். மண் ஈரமாக இருந்தால் பெட்டியில் அந்தத் தட்டுக்குப் பச்சை விளக்கு, காய்ந்தால் சிவப்பு.

நான்கு சென்சார் இருந்தவரை தொல்லையில்லை. பன்னிரண்டு ஆனதும் வந்தது வினை. ஓரத்தில் தக்காளி நாற்று வாடிக் கிடந்தது, பெட்டியில் அதன் விளக்கு எரியவேயில்லை.

"இதெல்லாம் நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன். பழையபடி நானே தொட்டுப் பாத்துக்கறேன்" என்றார் அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டே.

அந்த வலியோடு நாளெல்லாம் குனிந்து நிமிர்வதா? வாலுவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு நாள் குடும்மா!"

"தலைகீழா நின்னாலும் அது பேசாதுடி. சரி, சாயங்காலம் வரைக்கும்தான்."

வாலு கையேட்டைப் புரட்டினாள். பன்னிரண்டும் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், பேசிக்கொண்டிருந்தன. இரண்டு சேர்ந்து பேசினால் பெட்டிக்கு இரண்டுமே புரியாது. ஒரே சந்தைக் கடை!

அம்மாவின் போனிலிருந்தே அவற்றை நான்கு நான்காக மூன்று சேனல்களுக்குப் பிரித்தாள். இப்போது எட்டுத் தட்டுகள் அடியோடு மறைந்துபோயின. பெட்டி ஒரு சேனலை மட்டும்தான் கேட்டது.

"உள்ளதும் போச்சா!" என்று அம்மா சிரித்தார். வாலு கையேட்டை மறுபடி திறந்தாள்.

பெட்டிக்குக் காது ஒன்றுதானே? அந்தக் காது மூன்று சேனலுக்கும் மாறி மாறிப் போய் வந்தால்? ஆனால் அது எப்போது வரும் என்று சென்சார்களுக்கும் தெரிய வேண்டும். தபால்காரர் வரும் நேரம் தெரிந்தால்தானே கடிதத்தோடு வாசலில் நிற்கலாம்!

முதல் நிமிடம் முதல் சேனல். அடுத்தது இரண்டாவது. பிறகு மூன்றாவது. மறுபடி முதலிலிருந்து. பெட்டிக்கும் சென்சார்களுக்கும் ஒரே நேரத்தைக் குறித்துக் கொடுத்தாள்.

நான்கு விளக்குகள் எரிந்தன. பிறகு எட்டு. மூன்றாம் நிமிடத்தில் பன்னிரண்டும் எரிந்தன. அதில் ஒன்று சிவப்பு.

"அம்மா, பதினொண்ணாம் தட்டுக்குத் தாகம்!"

அம்மா எழப் போனார்.

"நீ உக்காரு!" பூவாளியைத் தூக்கிக்கொண்டு வாலு ஓடினாள். தண்ணீர் ஊற்றிவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். அடுத்த சுற்றில் சிவப்பு பச்சையானது.

"இதைத் திருப்பிக் குடுக்கணுமாம்மா?"

"உன்னை வேணா குடுக்கலாம். ஆனா யாரு வாங்குவா?" என்று அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பல நாளுக்குப் பிறகு அன்றுதான், அம்மா தேநீரை ஆறுவதற்குள் குடித்து முடித்தார்.