வலது பக்கத்துச் சத்தம்

மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பட்டறைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். பல நாள் தூங்காத கண்கள்.

“பின்னாலேர்ந்து டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம்ணே. ரெண்டு வாரமா உயிரை வாங்குது. ரெண்டு இடத்துல காட்டிட்டேன். எந்தப் பக்கம்னு அவங்களுக்கும் புரியல, எனக்கும் புரியல. ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரை மாத்தினாங்க, அப்பவும் நிக்கல.”

சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்கை ஊரில் எல்லோரும் காதுக்காரர் என்பார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“அவருக்கு ஒண்ணுமே கேக்கலையாம். ‘வலது பக்கம் டொக்குங்குது அது இதுன்னு மனசைப் போட்டுக் குழப்பிக்காதே’ன்னு தலையைத் தடவிக் கொடுத்தார். தங்கமான மனுஷன்ணே. என் பேஷண்ட் ஒருத்தரைப் பத்திக்கூட தினமும் விசாரிப்பார். எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு.”

வீல் அலைன்மென்ட் பார்க்கும் மச்சினன் அதற்குள் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்துவிட்டான். காதுக்காரருடைய மனைவியின் தம்பி அவன். வயது முப்பத்தைந்து. மாமாவுக்கு முன்னால் ஒரு தடவையாவது கோளாறைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

“பழைய பட்டறைக்காரன் சொதப்பிட்டான் மாமா!”

“அவசரக்குடுக்கை, சும்மா இரு. ஏம்மா, எப்பக் கேக்குது?”

“நேராப் போனா கம்மி. வளைவுல திரும்பினாலும் பிரேக் போட்டாலும் டொக்குங்குது.”

கார் இரண்டே பேருக்கானது. அதனால் மச்சினன் பின்னால் பெட்டி வைக்கும் இடத்தில் சுருண்டு படுத்து, தரையோடு காதை ஒட்டிக்கொண்டான். காதுக்காரர் முற்றத்தில் காரை மெதுவாக எட்டுப் போட்டார். இறங்கும்போது மச்சினனின் தலைமுடி கலைந்திருந்தது. முகத்தில் மட்டும் வெற்றிக்களை.

“வலது சக்கரத்துக்கு உள்பக்கம் மாமா. சத்தியமா வலதுதான்!”

காதுக்காரர் தலையசைத்தார். “ஷாக் அப்சார்பர் மேலயும் கீழயும் வர்ற அடியை வாங்கும். வளைவுல சத்தம்னா, சக்கரத்தை உடம்போட சேர்த்துப் பிடிக்குற இரும்புக் கையைத்தான் பார்க்கணும்.”

லிப்டில் காரைத் தூக்கினார்கள். இடது பக்கக் கையில் பல வருட அழுக்கு. வலது பக்கக் கையில் மஞ்சள் சாக்பீஸால் ஏதோ எண் எழுதியிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட் பளபளத்தது. துளையைவிட ஒரு மயிரிழை மெலிசு. காதுக்காரர் சக்கரத்தைப் பிடித்து அசைத்தார்.

டொக்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நிஜம் என்று தெரிந்ததில் கண் கலங்கிவிட்டது.

“சாக்பீஸ் நம்பர் பழைய இரும்புக் கடைக்காரங்க போடுறது,” என்றார் காதுக்காரர். “போல்ட் சாதாரண ஹார்டுவேர் கடைச் சரக்கு. எந்தப் பட்டறையிலயும் இதைப் போடமாட்டாங்க. இன்னும் ஒரு வாரம் தாங்கியிருக்காது. சத்தம் எப்ப ஆரம்பிச்சது?”

“அம்மா வீட்டுக்கு மூணு நாள் போயிட்டு வந்த மறுநாள். வண்டி இவர்கிட்டதான் இருந்துச்சு. இங்க நல்ல மழைன்னு சொன்னாங்க.”

அப்போது மச்சினன், சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் தகட்டின் இடுக்கில் விரலை விட்டு எதையோ இழுத்தான். சைக்கிள் மிதியின் ரப்பர் கட்டை. பாதியில் பிய்ந்திருந்தது.

துள்ளிக் குதிக்கவேண்டிய கணம். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அவன் அதை மாமாவின் கையில் கொடுத்துவிட்டான்.

“என் பேஷண்ட்,” என்றாள் மெல்ல. “தபால்காரர். அந்த மழையில சைக்கிளோட வளைவுல நின்னவரை ஒரு வண்டி இடிச்சுட்டு நிக்காம போயிடுச்சு. கணுக்கால் நொறுங்கிடுச்சு. எந்த வண்டின்னு இன்னும் தெரியல. அவரைத்தான் இவர் தினமும்…”

வாக்கியம் முடியவில்லை. போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

அரை மணியில் அவன் வந்தான். கட்டட வரைபடம் போடுகிறவன். மடிப்புக் கலையாத சட்டை. தூக்கி நிறுத்தியிருந்த காரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

காதுக்காரர் குரலை உயர்த்தவில்லை. “எந்தப் பக்கம்னு ரெண்டு பட்டறைக்காரங்களுக்கும் தெரியல, உங்க சம்சாரத்துக்கும் தெரியல. சத்தமே கேக்கலைன்னு சொன்ன நீங்க மட்டும் வலது பக்கம்னு சொல்லியிருக்கீங்க தம்பி. வண்டி பக்கவாட்டுல வழுக்கி, வலது சக்கரம் எதுலயோ பலமா மோதியிருக்கு. அதுல பழைய கை வளைஞ்சிருக்கு. பட்டறைக்குப் போனா கேள்வி வரும்னு நீங்களே மாத்திட்டீங்க.” மிதிக்கட்டையை மேசையில் வைத்தார். “இது தகட்டுக்குள்ள இருந்துச்சு.”

அவன் மறுக்கவில்லை. பக்கத்திலிருந்த டயரின்மேல் அப்படியே உட்கார்ந்தான்.

“பிரேக் போட்டேன். பின்பக்கம் சுத்திடுச்சு. ஏதோ முறியற மாதிரி… நான் இறங்கிப் பார்க்கல.”

“அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா இல்லையா?” என்றாள் அவள்.

“கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும்.”

“எனக்குப் பைத்தியம்னு நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். பார்த்துக்கிட்டு இருந்தீங்க. இந்த வண்டியை ஓட்டவும் விட்டீங்க.”

மச்சினன் தரையைப் பார்த்தான். கோளாறைக் கண்டுபிடிப்பது இப்படியும் இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

“போல்ட்டை மாத்திடட்டுமாக்கா?” என்று கேட்டான், ஏதாவது சொல்லவேண்டுமே என்று.

“வேண்டாம். போலீஸ் பார்க்கட்டும். அப்படியே இருக்கட்டும்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். “ஸ்டேஷனுக்கு நீங்களா வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?”

அவன் எழுந்தான்.

“அவர் நடந்துடுவார்ல?”

“இன்னைக்குக் காலையில எட்டு அடி வச்சார். வலி தாங்காம என் தோளை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. இடிச்சவன் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும், வந்து ஒரு வார்த்தை பேசினா போதும்னு சொன்னார்.”

சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். பத்தடி இடைவெளி விட்டு அவன் பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை வேகப்படுத்தவும் இல்லை.