விதுரனுக்கு வைத்த இலை

பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் சிஞ்ஞோராவின் வீட்டுக் கதவைக் கேசிகா திறந்தபோது, பூட்டிக் கிடந்த வீட்டின் புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது. ஓகஸ்ட் மாதம். சிஞ்ஞோரா, அவள் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி, மகளோடு மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போயிருந்தாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தாள். செத்தவனுக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பின்னால் தவராசா மூச்சு வாங்க ஏறி வந்தார். கேசிகாவின் கணவன் விதுரனுடைய தமையன். ஒரு கையில் வாழையிலை, மற்றக் கையில் பலாறோச் சந்தையில் வாங்கிய கணவாய்.

"லிப்ட் இருக்கெண்டு சொன்னனீர்?"

"இருக்கு அத்தான். வேலை செய்யிறேல்லை."

"உம்மடை சிஞ்ஞோராவைப் போல."

அவள் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

விதுரன், ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரனை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவன். இத்தாலிக்குப் பாதை திறக்கும் என்று பாங்கொக்கில் மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தான். ஏற்கெனவே இத்தாலியில் இருந்த அவளுக்கு ஒவ்வொரு நாளும் குரல் பதிவு அனுப்புவான். செம்மஞ்சள் சட்டை போட்ட மோட்டர் சைக்கிள்காரர் சனத்தை ஏற்றிக்கொண்டு நடைபாதையில் ஓடுவதைச் சொல்லுவான். பொலித்தீன் பைக்குள் ஐஸ் போட்டுக் கோப்பி விற்பதைச் சொல்லுவான். வாய்க்காலில் ஓடும் படகு, சந்தியில் மல்லிகை மாலை விற்கும் பெண், அவள் தன்னைக் கண்டால் சிரிப்பது. "கடைவாசலுக்குக் கடைவாசல் ஆவிக்கெண்டு ஒரு குட்டி வீடு, கேசி. சோறும் சிவப்புச் சோடாவும் வைக்கினம். இஞ்சை பேய்க்கும் ஸ்ட்ரோ குடுக்கினம்" என்று ஒருநாள் விழுந்து விழுந்து சிரித்தான்.

பிறகு பதிவு வரவில்லை. எல்லையில் அவர்களை ஏற்றிய வான் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது, ஒருவரும் மிஞ்சவில்லை என்றான் ஏஜென்சிக்காரன். உடல் இல்லை. மரணப் பத்திரம் இல்லை. அவன் சொன்ன சொல் மட்டும்தான்.

செத்தவருக்கு எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவைச் செய்ய வேண்டும் என்று தவராசா பிடிவாதமாக நின்றார். செத்தவனுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அவன் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். பிரான்காச்சோவில் அவர்கள் இருந்த வீட்டில் அறைக்கு நாலு பேர். அங்கே தனிமைக்கு இடமில்லை; வெறுமையாகக் கிடந்தது சிஞ்ஞோராவின் வீடுதான்.

கேசிகா ஒத்துக்கொண்டாள். அவன் செத்துவிட்டான் என்று நம்பியதால் அல்ல. நித்திரை இல்லாமல் களைத்துப் போனதால்.

அவள் குசினியில் சமைத்தாள். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, கணவாய்க் கறி. இலையை மேசையில் விரித்துப் படைத்தாள். இருவரும் குசினிக்கு வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

வீட்டின் நடைவழியில் நின்றார்கள். வெயிலுக்காக எல்லா யன்னல்களிலும் மரச் சட்டங்கள் இறக்கப்பட்டிருந்தன. மத்தியானத்திலும் உள்ளே இருட்டு. கீழே தெருவில் கடைகள் பூட்டியிருந்தன. ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. கறியின் வாசனையும் பழைய மெழுகின் வாசனையும் கலந்து நின்றன.

குசினிக்குள் கதிரை இழுபட்டது.

தவராசா கையைக் கூப்பினார்.

அப்போது கேசிகாவின் போன் அடித்தது. விதுரனின் நம்பர்.

"கேசி, நான்தான்."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். "எங்கை நிக்கிறியள்? உயிரோடை இருக்கிறியளோ?"

"இதென்ன கேள்வி? பாங்கொக்கிலைதான் நிக்கிறன். சரியான சனம்." பின்னால் மோட்டர் சைக்கிள்கள் உறுமின. எண்ணெய் சீறியது. ஒரு பெண் எதையோ கூவி விற்றாள்.

"அத்தான், அவர் இருக்கிறார்! சாகேல்லை!"

தவராசா அவளைப் பார்க்கவில்லை. குசினிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனால் ஏதோ பிழை, கேசி," என்றான் விதுரன். "மோட்டர் சைக்கிள்காரர் ஒருத்தரும் நிப்பாட்டினமில்லை. பூ விக்கிற மனிசி எனக்குள்ளாலை அங்காலை பாக்கிறா. சாப்பாட்டுக் கடையிலை இருந்தன். எனக்கு மேலையே ஒருத்தன் வந்து இருந்திட்டான்."

"சாப்பிட்டியளோ?"

"அந்தக் குட்டி வீட்டடியிலை நிக்கிறன். இப்பதான் ஒரு வாய் கிடைச்சுது."

"என்ன சாப்பிடுறியள்?"

மெல்லும் சத்தம் கேட்டது. போனிலும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"கணவாய். நீர் வைக்கிற மாதிரியே இருக்கு. தேசிக்காய்ப் புளிதான் கொஞ்சம் கூடிப்போச்சு."

கேசிகா கதவை நோக்கிப் போனாள். தவராசா குறுக்கே நின்றார். "திறக்காதையும். சாப்பிட்டு முடியட்டும். முடிச்சால் போயிடுவான்."

"போக விடமாட்டன்."

"பிள்ளை, சொன்னால் கேளும்!"

"அவர் இன்னும் கதைக்கிறார், அத்தான்! கதைக்கிற மனிசனை எப்பிடி அனுப்புறது?"

அவரைத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தாள். அங்கே ஒருவரும் இல்லை. கதிரை மேசையிலிருந்து விலகி நின்றது. இலையில் சோற்றுக் குவியலின் ஒரு பக்கம் குழிந்திருந்தது. கறி பிசைபட்டிருந்தது.

இலையை அப்படியே சுருட்டிக் குப்பைப் பையில் திணித்தாள்.

போனில் நகரத்தின் இரைச்சல் நின்றது.

"ஏன் பறிச்சனீர்?"

அவள் பையின் வாயை இறுக்கி முடிந்தாள்.

"பசிக்குது, கேசி."

தொடர்பு அறுந்தது.

தவராசா வாசலில் குந்தியிருந்து அழுதார். "அரைவயித்தோடை எழுப்பிப் போட்டீர். இனி அவன் எங்கை போவான்?"

அவள் குசினியைக் கழுவினாள். சட்டிகளைத் தேய்த்தாள். சாப்பிட்டு முடிக்கவில்லையே, அப்படியென்றால் போகவுமில்லை. இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு உயிரோடு நடமாடினாள். விதுரனின் நம்பர் பாவனையில் இல்லை என்று போன் ஒவ்வொரு தடவையும் சொன்னது. அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். செடிகள் காயட்டும்.

ஒரு காலை, பொலிதேயாமாவில் பஸ்ஸுக்காக நின்றபோது சிஞ்ஞோராவின் அழைப்பு வந்தது.

"கேசிகா, என் வீட்டிலா நிற்கிறாய்?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"அப்படியென்றால் அங்கே வீட்டுப் போனை எடுப்பது யார்? மூன்று நாளாக ஒரு ஆண் எடுக்கிறான். பின்னால் ஒரே மோட்டர் இரைச்சல், பெண்கள் கூவுகிறார்கள். சந்தைக்குப் போன் போட்டுவிட்டேனோ என்று நினைத்தேன். யன்னலைச் சாத்து என்று கத்தினேன்."

பஸ் வந்தது. கதவு திறந்தது. கேசிகா ஏறவில்லை.

"அவன் என்ன சொன்னான், சிஞ்ஞோரா?"

"எனக்கு எங்கே விளங்குகிறது? ஒரே சொல்தான். திரும்பத் திரும்ப."

கிழவி மூச்சை இழுத்து, தன் பலேர்மோ நாக்கால் அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக உடைத்து உடைத்துச் சொன்னாள்.

"பா...சி...கு...தூ. அதென்ன கேசிகா, அவனுடைய பெயரா?"