நத்தை செத்தது, மீன் பிழைத்தது

ரோஜா ஒரு டிபன் டப்பாவைக் கொண்டுவந்து கருத்தம்மாளின் முறத்துக்குப் பக்கத்தில் வைத்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் கிடந்தது. போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் பெண்கள் வரிசையாகக் குந்திக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு நத்தையும் விரல் நீளத்துக்கு ஒரு இறாலும் இருந்தன. இரண்டும் செத்தவை.

"கொழம்புக்குக் காணாதே ஆத்தா" என்றாள் கருத்தம்மாள்.

ரோஜா சிரிக்கவில்லை. அவள் பஸ் நிலையத்துக்கு எதிரே ஓட்டல் வைத்திருக்கும் மகாராஜனின் இளைய மகள். ஓட்டலின் முன்கூடத்தில் கடல் தண்ணீர் மீன்தொட்டி வைக்கிறேன் என்று அப்பாவிடம் ஒரு வருஷம் மல்லுக்கட்டி, ஒரு வழியாக வைத்தும்விட்டாள். மலையைப் பார்த்தே வளர்ந்த ஊருக்குக் கடலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மூன்று வாரமாக அந்தக் கடலில் சாவு விழுந்துகொண்டிருந்தது. இனி ஒரே ஒரு உசிர் செத்தாலும் வெள்ளிக்கிழமை தொட்டி வெளியே போகும், அந்த இடத்தில் பரோட்டாக் கல் வரும் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றைக்குப் புதன்கிழமை.

"யாரோ வேணும்னே செய்றாக அத்தே. நீங்க வந்து ஒரு பார்வை பாக்கணும்."

கிட்டங்கியில் கம்மல் தொலைந்தாலும், நல்ல காயோடு சொத்தைக் காய் கலந்து போனாலும் கருத்தம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு அவள் படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. பதினைந்து வருஷமாகக் காய் பொறுக்குகிறாள். அதற்கு முன்னால் குரங்கணிக்கு மேலே தோட்டங்களில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டாள், அவ்வளவுதான். முறத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் வெள்ளைத்துரையின் ஜீப்பு நின்றது. போடிமெட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு. துப்புத் துலக்குகிற சோலி என்றால் வெள்ளைத்துரைக்குச் சாப்பாடு கூட வேண்டாம். விஷயத்தைப் பாதி கேட்பதற்குள் குற்றவாளியைச் சொல்லிவிட்டான். டீ மாஸ்டர் சோணைதான். தொட்டி வந்ததிலிருந்து சோணையின் பெஞ்சு போய்விட்டது, பெஞ்சு மேல் இருந்த ரேடியோவும் போய்விட்டது. வன்மம் இருக்காதா என்று கேட்டான்.

ஜீப்பில் கருத்தம்மாளின் காலில் ஜாக்கிக் கம்பி இடறியது. எடுத்து ஓரமாகப் போடப் போனவள் நிறுத்தினாள். கம்பியின் ஒரு முனை ஒரு சாண் நீளத்துக்கு மங்கிய சிவப்பாக இருந்தது. மற்ற முனை வெறும் கறுப்பு இரும்பு.

"அதை ஏன்க்கா கேக்குற. போன மாசம் ஒரு மழையில நனைஞ்சுச்சு. அன்னைக்கே துருப் பிடிச்சிருச்சு" என்றான் வெள்ளைத்துரை.

கருத்தம்மாள் நகத்தால் சுரண்டினாள். துரு என்றால் பொடியாக உதிரும். இது உதிரவில்லை. சுரண்டிய இடம் புதுக் குடம் மாதிரி மின்னியது. அவள் கம்பியை மடியில் வைத்துக்கொண்டாள்.

தொட்டியைப் பார்த்ததும் அவளுக்கு இடுப்பு வலி மறந்துபோனது. ஊதா வெளிச்சத்தில் ஓட்டை ஓட்டையான பாறை. அதைச் சுற்றி ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், கல்யாண வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு திரிந்தன. பாறை இடுக்கில் முதுகில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு இறால் ஒன்று மீசையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் மூலையில் ஒரு நத்தை. மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

செத்தவை எவை என்று கேட்டாள். ஐந்து நத்தை, இரண்டு இறால், சங்குக்குள் குடியிருக்கும் நண்டு மூன்று என்றாள் ரோஜா. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. தொட்டியில் முதல் ஒரு மாதம் பாறையும் உப்புத் தண்ணீரும் மட்டும்தான் இருந்தன. தண்ணீர் பக்குவப்பட்டதா என்று சொட்டு மருந்து விட்டுச் சோதித்த பிறகுதான் ஒவ்வொன்றாக இறக்கினாள். இப்போதும் சோதனையில் எல்லாம் சரியாகவே காட்டுகிறது. உப்பும் அளவாக இருக்கிறது. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவாள்.

"செத்ததெல்லாம் என்னைக்கு?"

ரோஜா காலண்டரைக் காட்டினாள். மூன்று புதன்கிழமைகளில் பேனாவால் சுழித்திருந்தாள். அதற்கு முந்திய புதன்கிழமைகளில் ஒன்றும் இல்லை.

சோணை டீ ஆற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைத்துரை அவன் முகத்துக்கு நேரே போய், தரை துடைக்கிற பினாயில் எங்கே இருக்கிறது என்று கேட்டான். சோணை கிளாஸைக் கீழே வைத்தான்.

"என் ரேடியோவைத் தூக்குனது மகாராஜன் அண்ணே. கோவம்னா அவரு டீயில ஊத்திருப்பேன். நத்தை எனக்கு என்னடா பண்ணுச்சு?"

கல்லாவில் இருந்த மகாராஜன் கையிலிருந்த டீயை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

கருத்தம்மாள் ரோஜாவிடம், இந்தக் கடலை எங்கே காய்ச்சுகிறாய் என்று கேட்டாள். ரோஜாவுக்கு அப்போதுதான் லேசாகச் சிரிப்பு வந்தது. கொல்லைக்குக் கூட்டிப்போனாள். முதலில் வெள்ளை வாளியில்தான் உப்பைக் கரைத்தாள். குச்சியால் கலக்கிக் கலக்கித் தோள்பட்டை விட்டுப்போனது. குரங்கணியில் தோட்டம் வைத்திருக்கும் தாய்மாமா தங்கபாண்டி அதைப் பார்த்துவிட்டு, மூடி போட்ட நீல டிரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கேன் தண்ணீரை ஊற்றி, உப்பைப் போட்டு, மூடியை இறுக்கிப் படுக்கவைத்து உருட்டினால் வெரசாகக் கரைந்துவிடும். டிரம் வந்தபோது சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாளாம்.

"அந்த டிரம்மை நாந்தான் கொண்டாந்தேன்" என்றான் வெள்ளைத்துரை பெருமையாக. "வழியில அடிச்ச மழையில பாதி டிரம்மு தண்ணி. சாமான் போட எடமில்லாம ஜாக்கிக் கம்பியக் கூட அதுக்குள்ளதான் நிறுத்தி வச்சிருந்தேன்."

கருத்தம்மாள் டிரம்மைப் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. மூடியைக் கழற்றி, விளிம்பு மடிப்புக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். பாதியில் விரல் நின்றது. அங்கே இருந்ததை நகத்தில் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைக்காமல், தண்ணீர்க் குழாயில் நன்றாகக் கழுவினாள்.

"உங்க மாமா இன்னைக்கு ஏலத்துக்கு எறங்கிருப்பாருல்ல ஆத்தா. டீ குடிக்கக் கூப்புடு. அதுக்குள்ள எறாலையும் நத்தையையும் அந்தப் பழைய வெள்ள வாளிக்கு மாத்திரு. புதுசா உப்புக் கரைச்சு, அதுலயே கலக்கு. இந்த டிரம்மத் தொடாத."

தங்கபாண்டி வரும்போது மணி நான்கு. வெள்ளைச் சட்டை, கையில் மருமகளுக்கு அல்வாப் பொட்டலம். மகாராஜன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். சோணை தோளில் துண்டோடு தூண் ஓரம் நின்றான். வெள்ளைத்துரை யாரும் ஓடிவிடாதபடி வாசலை அடைத்து நின்றான். சாப்பிட வந்த இரண்டு பேர் வெளியே போக முடியாமல் அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கருத்தம்மாள் கண்ணாடி கிளாஸ் ஒன்று, அரை எலுமிச்சம்பழம், தேங்காய் கீறும் இரும்புக் கத்தி மூன்றையும் கேட்டு வாங்கினாள். கத்தியைச் சோணை மணல் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தான். அவள் டிரம் விளிம்பில் சுரண்டியதைக் கிளாஸில் போட்டுப் பழத்தைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். கத்தியை அதில் நிறுத்திவைத்தாள்.

"டீ குடிங்க" என்றாள்.

குடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"பினாயிலா இருந்தா மொதல்ல மீனு செத்திருக்கும். சோணை பாவம். தண்ணி கெட்டுப்போச்சுன்னாலும் மீனும் சேந்துதான் சாகும், பாப்பா சோதனையும் காட்டிக்குடுத்திருக்கும். இங்க மீனு வெளையாடுது. நத்தை, நண்டு, எறா மட்டும் போகுது. நத்தையக் கொன்னுட்டு மீனை விடுற பொருள் ஒண்ணு எனக்குத் தெரியும். அத அடிச்ச தோட்டத்துல ஏலச்செடித் தூருல ஒரு நத்தை ஏறாது. ஆறு மழைக்காலம் நான் பாத்திருக்கேன்."

தங்கபாண்டியின் கையில் டீ அப்படியே நின்றது.

"சாவு எல்லாம் புதன்கிழமை. அப்ப செவ்வாய்க்கெழம ஊத்துற தண்ணியில வருது. வெள்ள வாளியில கரைச்ச வரைக்கும் சாவே இல்ல. டிரம்மு வந்த வாரத்துல இருந்து விழுது. அந்த டிரம்முக்குள்ள மழத்தண்ணியில நின்ன இரும்புக் கம்பி, நின்ன மட்டத்துக்குச் செவந்துபோச்சு. தொரை அதத் துருங்கிறான்."

"துருதானக்கா" என்றான் வெள்ளைத்துரை, கொஞ்சம் குரல் இறங்கி.

கருத்தம்மாள் கத்தியை வெளியே எடுத்தாள். வெள்ளிபோல இருந்த அலகு, நனைந்த இடம் மட்டும் செம்பு நிறமாக இருந்தது. சாப்பிட வந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து பார்த்தார்.

முதலில் வாய் திறந்தது தங்கபாண்டிதான். "துரிசு" என்றார்.

மழைக்கு முன்னால் ஏலச்செடிக்கு அழுகல் வராமல், செம்பு உப்பான துரிசையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்த வேலை. துரிசை ஒரு டிரம்மில் கரைப்பார்கள், சுண்ணாம்பை இன்னொன்றில். கலவையில் துரிசு மிஞ்சிவிட்டதா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்கி எடுப்பார்கள். செம்பு ஏறினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். தங்கபாண்டி முப்பது வருஷம் முக்கிப் பார்த்த மாதிரி ஒரு கத்தி, இப்போது ஓட்டல் மேசையில் அவரைப் பார்த்தபடி கிடந்தது.

"நீல டிரம்முல நீலத் துரிசு ஒட்டிக் கெடந்தா யாரு கண்ணுக்குத் தெரியும்?" என்றாள் கருத்தம்மாள். "உள்ள கழுவிட்டாக. மடிப்புல இருந்தது போகல. படுக்கவச்சு உருட்டையில தண்ணி மடிப்புல ஏறி, கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சிருக்கு. நமக்குத் தோட்டத்துல ஒரு டிரம்மு காலியானா, அடுத்த சோலிக்குக் கழுவிக் குடுக்கிறதுதானே பழக்கம். அண்ணே பாசமாத்தான் குடுத்தாரு. நத்தைக்கு அது தெரியாதுல்ல."

தங்கபாண்டி அல்வாப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தொட்டியையே பார்த்தார். ரோஜா பொட்டலத்தைப் பிரித்து முதல் துண்டை அவர் வாயில் திணித்தாள். அடுத்த துண்டை வாங்கிய வெள்ளைத்துரை அதைத் தான் தின்னாமல் சோணையிடம் நீட்டினான். சோணை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

மகாராஜன் மட்டும் இளகவில்லை. காரணம் தெரிந்தது நல்லதுதான், ஆனால் பேச்சு பேச்சுதான் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று செத்தாலும் பரோட்டாக் கல்.

வியாழக்கிழமை தங்கபாண்டியே மதுரைக்கு ரயிலேறிப் போய், செம்பை உறிஞ்சும் கரியும் செம்புக்கான சோதனை மருந்தும் வாங்கிவந்தார். சோணை அடுப்பை விட்டுவிட்டு வந்து, இதுவரை எதையும் கரைத்திராத புது வாளியில் உப்பைக் கலக்கினான். தொட்டித் தண்ணீரில் பாதி மாறியது. செம்பு முழுக்கப் போகும்வரை இறாலும் நத்தையும் வெள்ளை வாளியிலேயே இருக்கட்டும் என்றாள் ரோஜா.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெள்ளைத்துரை வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடியில் இறால் கிடந்தது. அசைவில்லை. மகாராஜன் வந்து பார்த்தார். பரோட்டாக் கல்லுக்குச் சொல்லியனுப்பப் போனை எடுத்தார். ரோஜா சுவரில் சாய்ந்து நின்றாள். தன் கடல் முடிந்துபோனது என்று அவளுக்குத் தோன்றியது.

கருத்தம்மாள் கிட்டங்கிக்குப் போகிற வழியில் வந்தவள், சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். கரண்டியால் அதை மெல்லத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"போனை வைங்கண்ணே. பொணத்துக்குள்ள ஆளக் காணோம்."

கண்ணாடிபோல இருந்தது அது. மீசை, கால், முதுகுக் கோடு எல்லாம் அச்சாக இருந்தன. முதுகில் மட்டும் ஒரு பிளவு. உள்ளே ஒன்றுமில்லை. வாளியில் கிடந்த ஓட்டாஞ்சில்லுக்குப் பின்னாலிருந்து, அதைவிட ஒரு சுற்றுப் பெரிசாக, புதுச் சிவப்பில் இறால் மீசையை நீட்டி வெளியே வந்தது.

"பாம்பு மாதிரி சட்டைய உரிச்சிருக்கு" என்றாள் கருத்தம்மாள். "தண்ணி புடிச்சுப்போயி புதுத்துணி போட்டிருக்கு. இதச் சாவுல சேப்பீகளா?"

மகாராஜன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். குனிந்து, வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சோணையைக் கூப்பிட்டு, அந்த ரேடியோவை எடுத்துவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வை, அதுவும் பாட்டுக் கேட்கட்டும் என்றார்.

கருத்தம்மாளுக்கு நேரமாகிவிட்டது. வெள்ளைத்துரை ஜீப்பைக் கிளப்பினான். இறால் இருட்டில் சட்டை மாற்றும் என்பது தனக்கு முதலிலேயே தெரியும் என்று கிட்டங்கி வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தான். அவள் ஜாக்கிக் கம்பியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.