பன்னிரண்டாம் எண் வீட்டு இடையூறு

காலை ஏழு மணிக்கு அமோனியா ஆலைக் குடியிருப்பின் வாயில்திரையில் பணிப்பட்டியல் வரும். பால் பாக்கெட்டும் கையுமாக நாங்கள் அங்கே நிற்போம். செய்தித்தாளில் இவ்வளவு சமாச்சாரம் கிடையாது.

ஆலையை ஓட்டுவது முன்கணிப்பான் என்கிற கணினி. பத்து நாள் முன்னால் பார்த்து, உலையின் சூடு அரை டிகிரிகூட நகராமல் பிடித்துக்கொள்ளும். மழை, மின்னழுத்தம், கடல்நீர் எல்லாம் அதற்கு இடையூறுகள். வால்வுக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷனின் கை நடுங்கினால் அதுவும் இடையூறுதான். நடுங்கப்போகிற நாளுக்கு முன்கூட்டியே மாற்று ஆளைப் போட்டுவிடும். காரணம் மட்டும் சொல்லாது. சாவா, சண்டையா, சர்க்கரையா என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை.

திங்களன்று பார்த்தால், வியாழக்கிழமை இரண்டாம் உலைக்குப் பரஞ்சோதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரன். கோயிலுக்கும் ஆலை அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போகிற பிரகிருதி.

“செத்துப்போயிடுவேனாக்கா?” என்றான், முகம் வெளுத்து.

“சாகிறதுக்கும் கொஞ்சம் தைரியம் வேணும்ப்பா.”

அவன் மனைவி அமிர்தவல்லியிடம் சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். “மனசுல எதையாவது மறைக்கிறானோ என்னவோ. கேட்டுப் பாரேன்.”

புதன்கிழமை கேட்டாள். எங்கள் சுவர் மெல்லிசு. சாவு பயத்தில் அவன் கக்கிவிட்டான். “உன்னைப் பிடிச்சுப்போய்க் கட்டலை அமிர்தா. இருபத்திரண்டு ஜாதகத்தையும் முன்கணிப்பான்கிட்ட கொடுத்தேன். உன்கிட்டதான் இடையூறு குறைவுன்னு சொல்லிச்சு.”

“பதினாலு வருஷம் நான் வாயைத் திறக்காம இருந்தது உங்க மேல இருந்த ஆசையால. அது மெஷின் கொடுத்த உத்தரவாதம்னு நினைச்சீங்களா?”

வியாழன் காலை பெட்டியோடு பேருந்து ஏறினாள். ஊருக்குப் போகும்போது சாவியை என்னிடம்தான் தருவாள். அன்று கதவிலேயே விட்டுப் போனாள். பரஞ்சோதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்த டீ தளும்பி லுங்கியில் கொட்டியது. இரண்டாம் உலை மாற்று ஆளோடு நிம்மதியாக ஓடியது.

கட்டுப்பாட்டு அறைப் பொறியாளர் ஷமீமாவை மடக்கினேன். “அதுக்கு எப்படிம்மா முன்னாடியே தெரிஞ்சது?”

சிரிக்காமல் இடையூறுகளின் வரிசையைத் திறந்து காட்டினாள். மழை. மின்னழுத்தம். கடல்நீர். அதற்குக் கீழே, பன்னிரண்டாம் எண் வீடு.

“அது எங்க வீடாச்சே!”

“ரொம்ப நம்பகமான அளவீடு, அக்கா. பட்டியல்ல ஒரு பேர் விட்டுப்போனா, மூணு நாளைக்குள்ள அந்த வீட்டுக்குப் போய்க் கிளறிடுவீங்க.”

மறுநாள் பட்டியலில், திங்கள் முதல் பரஞ்சோதிக்கு இரட்டை ஷிஃப்ட். மாற்று ஆளே இல்லை. இனி அவன் கையை நடுங்கவைக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

“என்னக்கா காரணம்?” என்றாள் எதிர்வீட்டுக்காரி, ஆவலாக.

பால் கெட்டுவிடும் என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன்.