மாதா போத்தல்

வீட்டுக்குள் காலை வைத்ததுமே ஷாமலாவுக்கு அந்த மணம் வந்தது. சனிக்கிழமைச் செபம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கூடத்தில் வழக்கமாகத் தங்கி நிற்கும் மெழுகுதிரிப் புகையும், இஞ்சித் தேத்தண்ணியும், நனைந்த குடைகளின் வாடையும் அன்றும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், அவளுடைய படுக்கையறையைத் தாண்டி வரவே கூடாத ஒரு மணம், பச்சிலையை ஈரமண்ணோடு சேர்த்துக் கசக்கியது போல, மெல்லப் படர்ந்திருந்தது. கண்டியில் ஏறிய ரயில் மழையில் பேராதனையில் வெகுநேரம் நின்றுவிட்டதால் அவள் பிந்தியிருந்தாள். செருப்பைக் கழற்றுமுன் மகள் மெலனி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மணம் பிள்ளையின் நெற்றியிலிருந்துதான் வந்தது. அங்கே எண்ணெயால் இட்ட சிலுவை ஒன்று மினுங்கியது.

"உனக்காகச் சனங்களைக் காக்க வைக்க முடியுமா? நானே செபத்தை நடத்தி முடிச்சிட்டேன்," என்றாள் டொரதி மதினி. ஷாமலாவின் கணவன் ஜொனிக்கு அக்கா அவள். ஜொனி கட்டாருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அந்தக் கடுகண்ணாவை வீட்டில் துணைக்கு இருப்பவள். "எண்ணெயைத் தேடியே களைச்சுப் போயிட்டேன். மாதாவைக் கொண்டுபோய் உள்பாவாடைக்கு அடியில வச்சிருக்கியே, இது நல்லா இருக்கா?"

ஷாமலாவின் பார்வை படுக்கையறைக் கதவுக்குப் போயிற்று.

திருத்தலத்திலிருந்து கொண்டுவரும் ஆசீர்வதித்த எண்ணெய் மாதா உருவில் செய்த சின்னப் பிளாஸ்டிக் போத்தலில் வரும். தலையில் உள்ள நீலக் கிரீடம்தான் மூடி. செபம் முடிந்ததும் எல்லோர் நெற்றியிலும் அதால் சிலுவை இடுவார்கள். உடம்புக்கு முடியாதவர்களுக்கு நாக்கில் இரண்டு சொட்டு விடுவார்கள். அந்த வேலை எப்போதும் ஷாமலாவுடையது. அதனால்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மாதா போத்தலை அவளைத் தவிர யாரும் தொட மாட்டார்கள். திறந்து மோந்து பார்க்கவும் யாருக்கும் மனம் வராது. கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த சுகிர்தா, சிறு வயதுத் தோழி, கைக்குள் திணித்துவிட்டுப் போன மருந்து எண்ணெயை அவள் தீர்ந்துபோன மாதா போத்தல் ஒன்றுக்குள் ஊற்றி அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். செபத்துக்கு எடுக்கும் போத்தல் அவள் கைப்பையிலேயே இருக்கும். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதுதானாம், ஆனால் மயக்கம் தராதாம். அங்கே சாமான் வாங்குவது போல வாங்கலாமாம். மனப் பதற்றம் அடங்கும், தூக்கம் வரும் என்று சுகிர்தா சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளை நிறுத்தி, போதைப்பொருளைக் கையாலும் தொட மாட்டோம் என்று சொல்ல வைக்கிறவள் ஷாமலா. கண்டியில் டாக்டரிடம் போகலாம் என்றால் வரிசையில் கோவில் பங்குக்காரர் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று பயந்தவள். போயிருந்தாலும் என்னவென்று சொல்வாள்? போன மழைக்கு வீட்டின் பின்பக்க மண்மேடு சரிந்ததிலிருந்து, விளக்கை அணைத்ததும் தன் கால்மாட்டில் மெத்தை அமுங்குகிறது என்றா? யாரோ வந்து உட்கார்வது போல, மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்ற கவனத்தோடு? நாக்குக்கு அடியில் எண்ணெயை விட்டுக்கொண்ட நாளிலிருந்து அது நின்றது. கல்லைப் போலத் தூங்கினாள். காலையில் முழந்தாளில் நிற்கும்போது மட்டும் மாதாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாருக்கும் பூசினீங்களா?" என்று கேட்டாள்.

எல்லோருக்கும்தான், என்றாள் டொரதி. மெலனி இருமிக்கொண்டே இருந்ததால் அவளுக்கு நாக்கிலும் விட்டாளாம். மூடி வழுக்கி, சொட்டாக விழ வேண்டியது ஒரு மடக்காகப் போய்விட்டதாம். எண்ணெய்தானே, நெஞ்சுச் சளிக்கு நல்லது. மீதியைப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா முழங்காலுக்கு வழித்துக்கொண்டு போய்விட்டாள். சாமி எதுவானாலும் எண்ணெய் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தாளாம்.

ஷாமலா வாயைத் திறந்தாள். அது மாதா எண்ணெய் இல்லை மதினி. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. டொரதியின் விரல்களில் இன்னும் செபமாலை சுற்றியிருந்தது. ஷாமலா தன் சேலைத் தலைப்பால் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கப் போனாள்.

"மாதா எண்ணெயை யாராவது துடைப்பாங்களா?" என்று டொரதி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

சோற்றுத் தட்டின் முன்னாலேயே மெலனிக்குக் கண் சொருகியது. தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில் சுவரோரமாகப் படுக்க வைத்து, ஷாமலா பக்கத்தில் சாய்ந்தாள். பிள்ளையின் மூச்சை எண்ணெய் மணம் மூடியிருந்தது. சற்று நேரத்தில் கரண்ட் போனது. தகரத்தில் விழுந்துகொண்டிருந்த மழை தேய்ந்து, கூரை விளிம்பிலிருந்து சொட்டுவதாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. கணவாயில் ஏறும் ரயிலின் ஊதல் மலையைச் சுற்றிச் சுற்றி வந்து எங்கோ புதைந்தது. சரிந்த மண்மேட்டின் பக்கமிருந்து ஈரம் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து முகத்தில் படிந்தது. இன்று போத்தல் காலி. இன்று அவளுக்கு ஒரு சொட்டும் இல்லை.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

அவள் அசையவில்லை. அப்போதுதான் புரிந்தது. அது போகவே இல்லை. இத்தனை நாளும் வந்து உட்கார்ந்துதான் இருந்திருக்கிறது. அவள்தான் உணராமல் கிடந்திருக்கிறாள்.

அமுங்கல் நகர்ந்தது. அவளை நோக்கி அல்ல. அவள் முழங்காலைத் தாண்டி, பிள்ளையின் பக்கமாக, முழங்கையை ஊன்றி ஊன்றி ஏறுவது போல மேலே வந்தது.

மெலனியை உலுக்கினாள். தலை தலையணையில் புரண்டு அப்படியே கிடந்தது. கிள்ளினாள். பிள்ளை முனகவும் இல்லை. மதினி என்று கூப்பிட்டது தன் காதுக்கே கேட்காததால் மறுபடி கூப்பிட்டாள்.

டொரதி டோர்ச்சோடு வந்தாள். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினாள், இமையை விரலால் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை மட்டும் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம். த்ரீவீல்காரனைக் கூப்பிடுறேன்," என்றவள் நின்றாள். "போனா கேட்பாங்க, ஷாமலா. புள்ள வயித்துல என்ன போச்சுன்னு கேட்பாங்க. உனக்கு ஏதாவது தெரியுமா?"

டோர்ச் வெளிச்சம் படுக்கையில் விழுந்திருந்தது. பிள்ளையின் மார்புக்கு அருகே மெத்தையில் ஒரு குழி. விரிப்பின் சுருக்கங்கள் எல்லாம் அதை நோக்கி இழுபட்டிருந்தன. டொரதி அதற்கு மேலாகவே குனிந்து நின்றாள். அவள் கண்ணுக்கு அது படவில்லை. ஷாமலாவின் மனக்கண்ணில் டாக்டர் பேனாவை எடுத்தார். அடுத்துப் பொலிஸ். பங்குத் தந்தை. வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார். நெற்றியில் அந்தச் சிலுவையோடு வீட்டுக்குப் போன அத்தனை பேர். கட்டாரிலிருந்து ஜொனியின் குரல். குழி அசையாமல் இருந்தது. அவள் பதிலுக்காக அதுவும் காத்திருப்பது போல இருந்தது.

"ஒண்ணும் இல்ல மதினி. ஓடி விளையாடின அசதி. நான் பார்த்துக்கிறேன்."

டொரதி கொஞ்ச நேரம் அவள் முகத்திலேயே வெளிச்சத்தை வைத்திருந்தாள். பிறகு பிள்ளைக்குச் சிலுவை வரைந்துவிட்டுப் போனாள். கதவு சாத்தப்பட்டது. கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சக் கோடு மெலிந்தது. அறுந்தது.

இருட்டு.

பக்கத்தில் மெலனி எழுந்து உட்கார்ந்தாள்.

"மெலனி? மகளே?"

மூச்சு மட்டும். ஆழ்ந்து தூங்குகிற மூச்சு. ஷாமலா கையை நீட்டிப் பிள்ளையின் முகத்தைத் தடவினாள். இமைகள் மூடியிருந்தன. தூக்கத்திலேயே பிள்ளை சுவரோடு ஒட்டி நகர்ந்தாள். ஒரு ஆள் படுக்க இடம் விட்டு. போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள். குளிரில் வந்தவருக்கு இடம் கொடுப்பது போல, உயரமாகத் தூக்கிப் பிடித்தாள்.

மெத்தை தாழ்ந்தது. நீளமாக. தலையிலிருந்து கால்வரை.

போர்வை மெல்ல இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை. நடுவில் எதன் மேலோ தங்கி நின்றது. ஷாமலாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் தலையணை அமிழ்ந்தது. ஈரமண் வாடை.

இருட்டுக்குள் மெலனி தூக்கக் கலக்கத்தோடு, பொறுமையாக, சொன்னாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் படுங்க."