பிடுங்கிய பன்னிரண்டு பற்கள்

விடிந்ததும் காரவள்ளி அடிவாரத்தில் வழக்கமான வரிசை. கொல்லிமலைக்குப் போகிறவர்கள் தங்கள் சரளை சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வந்து, கெண்டைக்காலில் கால்மானியைக் கட்டிக்கொண்டார்கள். தீப்பெட்டி அளவுக் கருவிதான். முதல் மூன்று கொண்டை ஊசி வளைவுகளிலும் நிமிடத்துக்கு அறுபது சுற்றுக்குக் குறையாமல் கால் சுற்றினால் நீல விளக்கு எரியும், அங்கிருக்கும் கதவு திறக்கும். குறைந்தால் சிவப்பு. பேசாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கவேண்டியதுதான்.

மலை சரிந்து சரிந்து விழுந்த காலத்துக்குப் பிறகு, மோட்டார் வைத்த எதுவும் மேலே போகக்கூடாது என்று ஆகிவிட்டது. தார்ச்சாலை போய், ஒரு வண்டி அகலத்துக்குச் சரளைக்கல் மட்டும் மிஞ்சியது. நடந்து போனால் மழை பிடிப்பதற்குள் மேலே சேரமுடியாது. ஆகவே நடைக்கும் தடை. நடுவழியில் ஒருவர் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள் என்று, மலைப்பாதையைக் கவனிக்கும் வாரியம் மனிதர்களை இரண்டாகப் பிரித்தது. மலைக்கால், தரைக்கால். பதினெட்டு வயதில் சோதனை; தோற்றால் கீழேதான் குடியிருப்பு.

சிலம்பாயி மலையில் பிறந்த தரைக்கால். அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு நாமக்கல்லில் படித்துப் பல் டாக்டரானவள். தன் கைமேல் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்கு அவள் கை தகுதியானதுதான். அப்பா பெரியண்ணன் முன்பெல்லாம் மாதாமாதம் இறங்கி வந்து மகளைப் பார்ப்பார். வயதான பிறகு அதுவும் நின்றது. இறங்கினால் திரும்ப ஏறச் சோதனை. சிவப்பு எரிந்தால் காடும் வீடும் போச்சு. அந்த அப்பாவுக்குத்தான் இப்போது கடைவாய்ப் பல்லில் சீழ்.

"காய்ச்சல் விட்டுச்சாப்பா?" என்று போனில் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. கஞ்சி எறங்குது. ஊரு பூரா என்ற மவ பல் டாக்டருன்னு பீத்தி வெச்சிருக்கறேன். இப்பக் கன்னத்த வீங்க வெச்சுக்கிட்டு எப்பிடி வெளிய தல காட்டறது?"

சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. பல் சீழ் தலைக்கு ஏறினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்த வாரம் மூன்று முறை சோதனைக்குப் போனாள். மூன்று முறையும் சிவப்பு.

மூன்றாவது முறை திரும்பி வந்தவள், ஆத்திரத்தில் சைக்கிளைத் தன் கிளினிக்கிலேயே தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டாள். கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தால் சும்மா இருக்கமுடியுமா? தொழில் பழக்கம், முன் பற்சக்கரத்தின் பற்களை எண்ணினாள். நாற்பத்தாறு. எல்லாருக்கும் அதே நாற்பத்தாறுதான். வாரியம் கொடுத்தபடி ஓட்டினார்களே தவிர, யாரும் அதைத் தொட்டதில்லை.

"அடிப்பாவி, வாய்க்கு மீறிப் பல்லு மொளச்சுக் கெடக்குதே!" என்று சத்தமாகவே சொன்னாள்.

முன்னால் பல் கூடினால் ஒரு மிதிக்கு வண்டி அதிக தூரம் போகும். ஆனால் கால் அத்தனை பாரத்தையும் தள்ளவேண்டும், சுற்று குறையும். பல்லைக் குறைத்தால் அதே வேகத்தில் கால் லேசாக, விறுவிறுவென்று சுற்றும். எந்தத் தடியன் காலுக்கு அளவெடுத்து இந்தச் சக்கரத்தைச் செய்தார்களோ! வாயில் இடம் இல்லையென்றால் சிலம்பாயி என்ன செய்வாள்? பிடுங்குவாள். கட்டுப்பல் வார்க்கும் இயந்திரத்திலேயே உலோகத்தை ஊற்றி, முப்பத்துநான்கு பல் வைத்த சக்கரத்தை நான்கு துண்டாக எடுத்து, இணைத்து, பழையதைக் கழற்றிவிட்டு மாட்டினாள். தொங்கிய சங்கிலியில் சில கண்ணிகளை வெட்டி இழுத்துக் கட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. கடைவாயில் தங்கப்பல் கட்டியதுபோல் மினுங்கியது.

மறுநாள் காலை முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை நாள் சண்டை போட்ட கால் இன்று தன்பாட்டுக்குச் சுற்றியது. மூன்றாவது வளைவில் நீலம். சிலம்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பிடிக்க ஆளில்லை.

கதவருகே நின்ற சோதனை அதிகாரி மயிலாத்தா, சிலம்பாயியின் கணவனுக்கு அக்கா. சொந்தக்காரி என்று ஒரு சுற்றுகூட விட்டுக்கொடுக்காதவள். குனிந்து சைக்கிளைப் பார்த்தவள் முகம் இறுகியது.

"என்ன அம்மிணி இது? சக்கரத்த மாத்திட்டியா?"

"மாத்துனனுங் நங்கையா. காலு சுத்தோணும்னுதான் சட்டம். பல்லு எத்தனைன்னு எங்கீங் எழுதியிருக்குது?"

மயிலாத்தா கதவுமேல் இருந்த விதிப்பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிரேக், விளக்கு, சுமை, சுற்று. மறுபடியும் படித்தாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு தன் சாவடியில் சாய்த்திருந்த சொந்தச் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தாள். ஆயிரம் பேரை மேலே அனுப்பிய மயிலாத்தா, இந்தக் கதவுக்கு அப்பால் ஒரு நாளும் போனதில்லை. அவளும் தரைக்கால்தான்.

"அப்ப என்ற காலுல ஒரு கோளாறும் இல்லியா?" அவள் குரல் உடைந்தது. "இத்தன வருசமா இந்தக் காலத் திட்டிக்கிட்டுக் கெடந்தேனே..."

கதவு திறந்துகொண்டது.

"அழுவாதீங் நங்கையா. உங்க பல்லயும் நானே புடுங்கறேன்," என்றாள் சிலம்பாயி. "மொதல்ல எங்கப்பனோடது."

அவள் பெடலை மிதித்தாள்.