மாமாவின் பெட்டிக்கு ஒரு குண்டு பல்ப்

பெரியவர்கள் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் நம்பாதீர்கள். ஏதோ ஆகப் போகிறது என்று அர்த்தம். மாமா அன்று காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டின் முன்னறையில் அம்மாவின் மில்லிங் மெஷின் இருந்தது. இரும்பைச் சோப்பு மாதிரி செதுக்கும். ஆனால் அதன் மோட்டாருக்கு வீட்டு மின்சாரம் ஒத்துக்கொள்ளாது; ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம்தான் வேண்டும். வீட்டு மின்சாரத்தை அப்படி மாற்றிக் கொடுத்த பழைய பெட்டி புகைந்துபோனது. எலக்ட்ரீஷியனான மாமா, தன் அக்காவான அம்மாவுக்காகப் புதுப் பெட்டி செய்துகொண்டிருந்தார்.

அம்மாவின் மகளுக்கு வீட்டில் 'வாலு' என்று பெயர். ஐந்தாம் வகுப்பு. இடுப்பில் தம்பியோடு வாசற்படியில் நின்றாள். தம்பி 'குண்டூசி' இப்போதுதான் நடக்கிறான். எங்கே ஓட்டை கண்டாலும் விரலை விட்டுவிடுவான்.

"மாமா, அந்தப் பெரிய டப்பா என்ன?"

"கண்டென்சர். மின்சாரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, மோட்டாருக்குச் சீரா விடும்."

சுவிட்சைப் போட்டார். மோட்டார் தடங்கலில்லாமல் சுற்றியது. அம்மாவின் முகம் மலர்ந்தது. மாமா மோட்டாரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, "ஒரு ஸ்க்ரூ மட்டும்" என்று பெட்டிக்குள் கையை விட்டார்.

டப்!

ஸ்க்ரூடிரைவர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் போய் விழுந்தார்கள்.

"பிளக்கைத்தான் பிடுங்கிட்டீங்களே மாமா!" என்று வாலு அலறினாள்.

"டப்பா பிடிச்சு வெச்சது உள்ளேயே இருந்திருக்கு. காலி பண்ண மறந்துட்டேன். ஒண்ணும் ஆகலை."

"ஆகலையா? மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்கு!" என்றாள் அம்மா.

"இனிமே மறக்க மாட்டேன்க்கா."

"நீயா? கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு வீடு பூராத் தேடுறவன்!"

வாலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. திறந்து கிடந்த பெட்டியையே பார்த்தாள். மாமா நாளைக்குப் போய்விடுவார். அப்புறம் இந்தப் பெட்டியும் அம்மாவும்தான். கூடவே குண்டூசியின் விரல்.

"மூடி போட்டுருவேன்மா" என்றார் மாமா.

"மூடியைக் கழட்டுறப்போ?" என்றாள் வாலு.

மாமா தொலைந்த ஸ்க்ரூடிரைவரை மும்முரமாகத் தேடினார்.

வாலு உள்ளே போனாள். மேஜையில் புத்தகம் வைக்க இடம் இல்லை. இடத்தை அடைத்துக் கிடந்த போன் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அதன் சின்னச் சிவப்பு விளக்கு உடனே அணையவில்லை. மெல்ல மெல்ல மங்கி, அப்புறம்தான் அணைந்தது.

ஓடி வந்தாள்.

"மாமா! சார்ஜரைக் கழட்டினாலும் லைட் கொஞ்ச நேரம் எரியுது. உள்ளே இருக்கிறது தீர்ந்தாத்தானே அணையுது? உங்க டப்பாவுக்கும் ஒரு லைட் போடுங்க. எரியுறப்போ யாரும் தொட வேண்டாம்."

கேலி செய்யத் திறந்த மாமாவின் வாய் அப்படியே நின்றது.

"அந்த லைட்டே டப்பாவைக் காலி பண்ணிரும்க்கா! அதுக்குன்னு ஒரு ரெசிஸ்டர் போடுறது வழக்கம்தான். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஆனா அது வேலை செய்யுதான்னு கண்ணுக்குத் தெரியாது. இது தெரியும்."

"பல்ப் ஃபியூஸ் போனா?" அம்மா லேசில் விடுகிறவள் இல்லை.

"பல்ப், ரெசிஸ்டர் ரெண்டையும் போடுறேன். பல்ப் அணைஞ்சாலும் மீட்டர் வெச்சு மின்சாரம் மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் தொடணும். போதுமா, தாயே?"

பெட்டிக்கு மூடி போட்டு, அதன் தலையில் ஒரு பழைய குண்டு பல்பை வைத்தார் மாமா. மோட்டார் ஓடியது, பல்ப் மஞ்சளாய் எரிந்தது. மோட்டாரை நிறுத்தினார். பிளக்கைப் பிடுங்கினார். பல்ப் இன்னும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து, குண்டூசி வாலுவின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கித் தத்தித் தத்திப் பெட்டியை நோக்கி நடந்தான். வாலு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"லைட் எரியுதுடா! தொடக்கூடாது."

குண்டூசி யோசித்தான். கன்னம் உப்பியது. நின்ற இடத்திலிருந்தே,

"உஃப்ப்ப்!"

பல்ப் மெல்லச் சிவந்து, மங்கி, அணைந்தது.

உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி அவன் கைதட்டினான். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். வாலுவும் இப்போதுதான் சிரித்தாள்.

அன்றிலிருந்து மெஷினை நிறுத்துவது அம்மா. ஊதி அணைப்பது குண்டூசி. அப்புறம் அம்மா மீட்டர் வைத்துப் பார்ப்பதை மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.